நர்சரியில் வாங்கிய காகிதப்பூச் செடியைப் போன்சாய் ஆக்குவது எப்படி: நம் செட்டிநாட்டு வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஒத்துவரும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இருந்துகொண்டு போன்சாய், அதாவது ஆழமில்லாத தட்டில் குட்டையாக நிற்கும் மரம், வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதிக்கு மேல் குளிர்நாட்டு மரங்களைப் பற்றியவை. பெங்களூரில் இருப்பவர் சொல்லும் முறைகூட நம் வெயிலுக்கும் போர்த் தண்ணீருக்கும் அப்படியே பொருந்தாது. என் முதல் போன்சாய், "ரெடிமேட்" என்று சொல்லி விற்ற ஒன்று. மேலே வழவழப்பான கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அடியில் முழுக்கக் களிமண். தண்ணீர் உள்ளேயும் போகவில்லை, போனது வெளியேயும் வரவில்லை. அதற்குக் கொடுத்த பணத்தில் நல்ல நர்சரிச் செடிகள் நாலைந்து வாங்கியிருக்கலாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். போன்சாய் தட்டை இப்போது வாங்காதீர்கள். அது கடைசிச் செலவு. அடிமரம் பருக்க வேண்டிய வயதில் செடியை ஆழமில்லாத தட்டில் அடைத்துவிட்டால் அது வருஷக்கணக்கில் அதே மெலிந்த தண்டாகவே நிற்கும்.

1. எந்தச் செடி, எந்த மாதம்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு காகிதப்பூதான், அதாவது போகன்வில்லா. வெயில் தாங்கும், வெட்டினால் தளிர்க்கும், ஒருநாள் தண்ணீர் மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இட்லிப்பூவும் அழகுதான், ஆனால் உப்புத் தண்ணீரில் அதன் இலை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். செம்பருத்தியில் மரம் சின்னதாகும், பூ சின்னதாகாது. ஒரு சாண் மரத்தில் உள்ளங்கை அகலப் பூ பார்க்க நன்றாக இருக்காது. அடினியம் வேறு வகை. அதன் அடிக்கிழங்கை உயர்த்தி நடும் முறையே தனி, அதை இங்கே கலக்க வேண்டாம்.

ஒரே செடியில் மூன்று நான்கு நிறம் பூக்கும் ஒட்டுச் செடிகள் கண்ணைப் பறிக்கும். போன்சாய்க்கு அவை வேண்டாம். ஒட்டுப் போட்ட இடம் புடைத்து நிற்கும், அதோடு அடியிலிருந்து வரும் வேர்ச்செடியின் தளிர் மேலே ஒட்டியதை அமுக்கிவிடும்.

வேலை தொடங்கத் தை மாதமே நல்லது. கார்த்திகை மழை ஓய்ந்து மண் காய்ந்திருக்கும், அக்னி நட்சத்திரம் வருவதற்கு மூன்று மாதம் இருக்கும். தையில் கிளை, மாசியில் வேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் ஆவணி. ஆனி, ஆடியில் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், வேர் வெட்டிய செடி வாடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டிய வேர் அழுகும். சித்திரை, வைகாசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2. நர்சரியில் பார்க்க வேண்டியது

பூத்திருக்கும் செடியைத்தான் கடைக்காரர் முதலில் காட்டுவார். "ஆச்சி, கொத்துக்கொத்தாப் பூத்திருக்கு, இதை எடுத்துக்கங்க" என்பார். பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். பூவை வெட்டிவிட்டால் மறுபடி வரும், அடிமரத்தை வாங்கின பிறகு மாற்ற முடியாது.

குனிந்து, மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு எவ்வளவு பருமன் என்று பாருங்கள். குறைந்தது இரண்டு விரல் பருமனாவது வேண்டும். போன்சாயில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, மரத்தின் உயரம் அடிப்பருமனைப் போல ஆறு மடங்கு. 4 செ.மீ. பருமனுக்கு 24 செ.மீ. உயரம். அந்த உயரத்துக்குக் கீழேயே இரண்டு மூன்று கிளைகள் இருந்தால் உங்களுக்கு ஒரு வருஷ வேலை மிச்சம். தண்டு அடியில் பருத்து மேலே போகப் போக ஒடுங்க வேண்டும். கம்பம்போல ஒரே பருமனில் நிற்பதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது வேர். பல செடிகளில் நல்ல அடிவேர் மண்ணுக்குள் புதைந்துகிடக்கும். "அண்ணே, மேல் மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்த்துக்கிறட்டுமா?" என்று கேட்டுவிட்டு விரலால் ஒரு அங்குலம் தோண்டிப் பாருங்கள். கேட்காமல் தோண்டினால் கோபப்படுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. நாலு பக்கமும் வேர் பிரிந்து போனால் யோசிக்காமல் வாங்கலாம். ஒரே வேர் தண்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம்.

எங்கிருந்து வந்த செடி என்றும் கேளுங்கள். ஆந்திராவின் கடியத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் லாரியில் வந்து இறங்கும் செடிகள் உண்டு. ஓசூர்க் குளிரில் வளர்ந்தது நம் வெயிலுக்குப் பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். கடையில் ஒரு மாதமாவது நின்ற செடியாக இருந்தால் நல்லது.

3. அனுமதி, பில், மற்ற காகிதங்கள்

செடி வாங்க என்ன காகிதம் என்று கேட்பீர்கள். நர்சரியில் பில் வாங்கினால் போதும், அதில் ரகத்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பின்னால் அதே ரகம் இன்னொன்று வேண்டும் என்றால் "அந்த ரோஸ் கலர்" என்று சொல்லி ஒன்றும் நடக்காது.

காகிதம் தேவைப்படுவது மற்ற இரண்டு இடங்களில். ஒன்று, பழைய வீட்டு வாசலில் இருக்கும் பெரிய காகிதப்பூ அடிமரம். வீட்டைப் பிரிக்கும்போது அதைத் தோண்டி எடுக்கலாமே என்று தோன்றும். நம் ஊர் வீடுகள் பல, பங்காளிகள் பலருக்கும் பொதுவானவை. காவல்காரர் சரி என்று சொன்னது கணக்கில் வராது. உரிமையுள்ளவர்களிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்கி வைத்துக்கொண்டு தோண்டுங்கள். ஒரு செடிக்காகப் பங்காளிச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர்கள். "வரும்போது ஒரு போன்சாய் கொண்டாரட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து செடி கொண்டுவர அந்த நாட்டுத் தாவரச் சுகாதாரச் சான்றிதழும், நம் நாட்டின் இறக்குமதி அனுமதியும் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள்.

4. மண் கலவை

முழு வேலையிலும் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். நர்சரிக் கவரில் இருப்பது செம்மண். தரையில் அது நல்ல மண், ஆழமில்லாத தொட்டியில் இறுகிக் கல்லாகிவிடும். காகிதப்பூ வேர் மெல்லியது, காற்று இல்லாவிட்டால் அழுகும்.

ஜப்பானிலிருந்து வரும் அகடாமா மண்ணுக்குக் கிலோ கணக்கில் பணம் கொடுக்கத் தேவையில்லை. நம் ஊரில் உடைந்த நாட்டு ஓட்டுக்குப் பஞ்சமே இல்லை. அதைச் சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்து, இரண்டு சல்லடையில் சலித்து, 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை உள்ள துண்டுகளை மட்டும் எடுங்கள். பெரியவை தொட்டியின் அடியில் போட உதவும். தூளைக் கொட்டிவிடுங்கள், தண்ணீர்ப் பாதையை அடைப்பது அந்தத் தூள்தான். மிச்சமிருக்கும் தூசி போகத் தண்ணீரில் அலசிக் காய வையுங்கள்.

என் கலவை: ஓட்டுத் துண்டு 6 பங்கு, கழுவிய பருமணல் 2 பங்கு, நன்றாக மக்கிய இலை உரம் அல்லது பழைய சாணி உரம் 2 பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்குத் தூள். எம்-சாண்ட் போடுவதாக இருந்தால் அதிலுள்ள மாவு போகும் வரை கழுவ வேண்டும். தென்னை நார்க்கழிவை நம்பாதீர்கள். மழைக்காலத்தில் ஊறிக்கிடக்கும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய வீட்டு இடிபாட்டிலிருந்து ஓடும் செங்கலும் எடுத்தால் அதில் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருக்கும். காகிதப்பூவுக்கு லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு கலந்தால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சந்தேகம் இருந்தால் துண்டின் மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது, அதை ஒதுக்குங்கள். உடைந்த ஆத்தங்குடிக் கல்லையும் போட வேண்டாம். அது சிமெண்ட்.

5. முதல் வெட்டு

செடி வீட்டுக்கு வந்ததும் கத்தரியைத் தூக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் கவரோடு வெயிலில் வைத்துத் தண்ணீர் மட்டும் விடுங்கள். அந்த நாட்களில் எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று முடிவுசெய்ய அது உதவும். வேர் விரிந்து தெரிகிற, தண்டின் வளைவு அழகாகத் தெரிகிற பக்கம்தான் முன்பக்கம்.

அப்புறம் முள். தடித்த சட்டை, தோல் கையுறை, முடிந்தால் கண்ணாடி. வெட்டப் போகும் கிளையில் உள்ள முட்களை முதலில் நகவெட்டியால் கிள்ளி எடுத்துவிட்டால் வேலை சுலபம்.

முதலில் உயரத்தைக் குறையுங்கள். அடுத்து, ஒரே இடத்திலிருந்து நாலைந்தாகக் கிளம்பும் கிளைகளில் ஒன்றை மட்டும் விடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் வீங்கும். மிச்சமுள்ள கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். எந்தத் திசையில் புதுக்கிளை வேண்டுமோ, அந்தத் திசையைப் பார்க்கும் கணுவுக்கு மேலே வெட்ட வேண்டும்.

தடித்த கிளையைத் தண்டோடு ஒட்டி வழிக்காதீர்கள். காகிதப்பூ மரம் மென்மையானது, வெட்டிய இடத்திலிருந்து உள்ளே கொஞ்ச தூரம் காயும். 2 செ.மீ. விட்டு வெட்டி, புதுத் தளிர் எங்கே வருகிறது என்று பார்த்துச் சில மாதம் கழித்து அந்த மொட்டையைச் செதுக்குங்கள். காயத்தின் மேல் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) அல்லது வெட்டுக்காயப் பசை தடவுங்கள். மழைத் தண்ணீர் இறங்கினால் தண்டு உள்ளேயே உளுத்துப்போகும், வெளியே தெரியவே தெரியாது.

6. வேர் வேலை

வெட்டி மூன்று நாலு வாரத்தில் தண்டில் சிவப்புப் புள்ளிகளாகத் தளிர்மொட்டு வரும். அப்போது வேரில் கை வையுங்கள். கிளையையும் வேரையும் ஒரே நாளில் வெட்டிப் பிழைக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் செடியில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

முந்தின நாளே தண்ணீரை நிறுத்துங்கள். மாலை வெயில் இறங்கியதும் கவரை நெடுக்காகக் கிழித்து எடுங்கள். செடியைத் தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. காகிதப்பூ வேர் மண்ணைக் கெட்டியாகப் பிடித்திருக்காது. உருண்டை உதிர்ந்து போனால் சன்ன வேர்கள் எல்லாம் அறுந்துவிடும். ஈர்க்குச்சி அல்லது மழுங்கிய குச்சியால் வெளியிலிருந்து மெதுவாக மண்ணைத் தட்டிவிடுங்கள். அடியில் சுருண்டு கிடக்கும் வேர்களையும் நேராகக் கீழே போகும் தடித்த வேரையும் வெட்டுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பழைய செம்மண் தண்டுக்கு அடியில் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும், அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம்.

நடுவது பயிற்சித் தொட்டியில். பத்துப் பன்னிரண்டு அங்குல அகலம், ஐந்து ஆறு அங்குல ஆழம் உள்ள பிளாஸ்டிக் பேசின் போதும். அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டு, அதன் மேல் நெகிழி வலை வைத்து, கீழே பெரிய ஓட்டுத் துண்டு, மேலே கலவை. ஓட்டை வழியாக ஒரு கம்பியை விட்டுச் செடியைத் தொட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள். காற்றில் ஆடினால் புது வேர் பிடிக்காது. குச்சியால் குத்திக் குத்தி வேருக்கு இடையே கலவையை இறக்குங்கள். வெற்றிடம் இருந்தால் அந்த இடத்து வேர் காயும். அடியில் தெளிந்த தண்ணீர் வரும் வரை ஊற்றுங்கள்.

7. அடுத்த நாற்பது நாள்

இந்த இடத்தில் நம் வீட்டு முற்றம் கைகொடுக்கும். சுற்றுப்பத்தியில், வெளிச்சம் இருந்தும் நேர்வெயில் படாத இடத்தில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். பிறகு காலை வெயில், பிறகு முழு வெயில். புது இலை வந்துவிட்டதே என்று உடனே மாடிக்குத் தூக்காதீர்கள். முதல் தளிர் தண்டில் இருந்த சத்தில் வருவது, வேர் பிடித்ததற்கு அது அத்தாட்சி ஆகாது. இரண்டாவது சுற்று இலை வந்த பிறகுதான் உரம்.

அதே முற்றத்திலேயே விட்டுவிடவும் கூடாது. அங்கே உச்சி நேரத்தில் கொஞ்ச நேரம்தான் வெயில் இறங்கும். காகிதப்பூவுக்கு ஐந்து ஆறு மணி நேரம் வெயில் வேண்டும், இல்லாவிட்டால் இலையாகவே போகும். மொட்டை மாடிதான் இடம். ஆனால் தொட்டியைத் தரையில் வைக்காதீர்கள். மே மாதத் தட்டோட்டுச் சூடு வேரை வேக வைத்துவிடும். செங்கல் அடுக்கி மேலே வைத்து, கோடையில் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்குப் போடுங்கள்.

8. தண்ணீர்

போர்த் தண்ணீர் விட்டுத் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் உப்பு அதிகம் என்று அர்த்தம். முற்றத்தில் விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைப்பது நமக்குப் புதிதல்ல. பிடித்து, மூடி வைத்து, செடிக்கு விடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதது, அதையும் விடலாம். ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். வீணாகிறதே என்று பலர் விடுகிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. போர்த் தண்ணீரைத் தவிர வழி இல்லையென்றால், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், அடியில் வழிந்தோடும் அளவுக்கு ஒரே முறையில் ஊற்றுங்கள். சேர்ந்த உப்பும் அதோடு போகும்.

9. கம்பி கட்டுதல்

காகிதப்பூக் கிளை முற்றிவிட்டால் வளையாது, ஒடியும். பச்சை மாறிப் பழுப்பு தொடங்கும் பருவத்தில் கட்டுங்கள். அலுமினியக் கம்பி போதும். கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு பருமன் உள்ள கம்பியை 45 பாகைச் சரிவில் சுற்ற வேண்டும். கட்டடக் கட்டுக்கம்பி வேண்டாம், துருப்பிடித்துப் பட்டையில் இறங்கும். ஆறாவது வாரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள், பதிகிற மாதிரித் தெரிந்தால் வெட்டி எடுங்கள். சுற்றி அவிழ்த்தால் கிளை ஒடியும்.

10. பூ

முதல் வருஷம் பூ வந்தால் கிள்ளிவிடுங்கள். சத்து தண்டுக்குப் போகட்டும். இரண்டாம் வருஷத்திலிருந்து பூக்க விடலாம். பூ புதுத் தளிரில்தான் வரும், ஆகவே ஒரு சுற்று பூத்து முடிந்ததும் நுனியைக் கத்தரிப்பது அவசியம். தளிர் நீண்டு முற்றியதும் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் தொங்கும் வரை காய விட்டுப் பிறகு ஊற்றுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மொட்டு கட்டும். வேர் வேலை செய்த வருஷத்தில் இந்தப் பட்டினி வைத்தியம் கூடாது.

யூரியா பக்கமே போகாதீர்கள். இலைதான் வரும். தழைச்சத்து குறைந்த உரத்தை, உறையில் போட்டிருப்பதில் பாதி அளவாகக் கொடுங்கள். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலை நேரத்தில்.

11. செலவு

விலை கடைக்குக் கடை மாறும், நான் கொடுத்த அளவைச் சொல்கிறேன். இரண்டு விரல் பருமன் உள்ள செடி 250 ரூபாய். நல்ல கத்தரி 400 ரூபாய்க்குள். அலுமினியக் கம்பி இரண்டு பருமனில் 350. பேசின், வலை, பசை, வேப்பம்பிண்ணாக்கு எல்லாம் சேர்த்து இன்னொரு 300. ஓடு சும்மா கிடைத்தது. குழிவெட்டுக் கத்தரி என்று ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஒன்றைக் காட்டுவார்கள். இப்போது தேவையில்லை.

12. தட்டுக்கு மாற்றுவது

இரண்டாவது அல்லது மூன்றாவது மாசியில், கிளைகள் உருவம் பிடித்த பிறகு தட்டு வாங்கலாம். பீங்கான் தட்டு விலை அதிகம். நமக்கு மானாமதுரை பக்கம்தான். மண்பாண்டம் செய்கிறவர்களிடம் அளவு சொன்னால் செய்து தருவார்கள். அகலம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடிமரப் பருமனைவிடக் கொஞ்சம் கூட. அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டை, கம்பி விட நாலு சின்ன ஓட்டை, கீழே கால். இவற்றைச் சுடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். சுட்ட பிறகு துளைத்தால் விரிசல் விடும். காகிதத்தில் வரைந்து அளவெழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் பூஜாடி வரும்.

மாற்றிய பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாசியில் வேரைச் சீராக்கிப் புதுக்கலவை போட வேண்டும். தட்டில் உள்ள மரம் கோடையில் தினம் இருமுறை தண்ணீர் கேட்கும். சென்னைக்குக் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று நாலு நாள் போவதாக இருந்தால், தட்டை அப்படியே முற்றத்து நிழலுக்கு இறக்கி, ஈரமணல் நிரப்பிய பெரிய தாம்பாளத்தில் பாதி புதையும்படி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.